பூவம்மாளுக்கு ரேடியோவில் பட்டா கிடைத்த கதை

பட்டணத்தில் ரேடியோ நிலையம் திறந்த வருஷம், கிராம ஜனங்கள் ஏன் சந்தோஷமாக இல்லை என்று சர்க்கார் தீர விசாரித்தது. மழை இல்லை, குடியிருக்க மனை இல்லை, வேலை கம்மி என்று பல பேர் பல விதமாக எழுதிக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்து வைத்து ஆலோசித்ததில், கிராமத்தாருக்குப் போதுமான அளவு கதைகள் கிடைப்பதில்லை என்பதே மூல காரணம் என்று தெரிய வந்தது. மற்றக் குறைகளைத் தீர்க்க ரோடு வேண்டும், வண்டி வேண்டும். கதையை ஆகாசத்திலேயே அனுப்பிவிடலாம். ஆகவே வேலூரில் 'கிராம ஒலிபரப்பு உபயோகக் காரியாலயம்' என்று ஓர் ஆபீஸ் திறக்கப்பட்டது.

ஓர் அதிகாரி, ஒரு கிளார்க், ஒரு பியூன், நாலு நாற்காலி, கூரைமேல் ஏரியல் கம்பி கட்டுவதற்கு இரண்டு மூங்கில், எல்லாம் முதல் மாதமே வந்து சேர்ந்தன. ரேடியோப் பெட்டி மட்டும் வரவில்லை. அதை யாரும் பெரிதாக நினைக்கவும் இல்லை. அந்தக் காலத்தில் வேலூரில் பாதி வீட்டில் அப்படித்தான். பெரிய மனுஷர் என்று பேர் எடுக்க ஆசைப்பட்டவர்கள் முதலில் கூரைமேல் கம்பியைக் கட்டிவிடுவார்கள். தெருவில் போகிறவன் அண்ணாந்து பார்த்தால் கம்பிதானே தெரியும், பெட்டியா தெரியும்.

கிளார்க்கின் பேர் பஞ்சாட்சரம். வயது நாற்பத்திரண்டு. பதினோரு வருஷமாக 'ஆக்டிங்' கிளார்க். எந்தப் புது ஆபீஸ் திறந்தாலும் அவரைத்தான் அனுப்புவார்கள். அந்த ஆபீஸ் மூடப்படும்போது அவர் குடையை எடுத்துக்கொண்டு திரும்பி வருவார். மாட்டு வியாதி ஆபீசில் இருந்தார், வெட்டுக்கிளி ஆபீசில் இருந்தார். வெட்டுக்கிளி வராததால் அது மூடப்பட்டது. 'பர்மனென்ட்' என்ற ஒரு வார்த்தையைக் காகிதத்தில் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் ஆசை. வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார்கள்.

அதிகாரி ராவ்சாகிப் ராமமூர்த்தி. டென்னிஸ் ஆடுவார். கதை படிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அதனால் பட்சபாதம் இல்லாமல் தீர்ப்பு சொல்ல முடியும் என்பது மேலிடத்தின் நம்பிக்கை.

பட்டணத்திலிருந்து உத்தரவு வந்தது. ஆம்பூர், வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிலாளர் வாழ்க்கையைப் பற்றி ஓர் உண்மைக் கதை வேண்டும். அந்தப் பக்கத்துக்காரரே எழுதி அவரே ரேடியோவில் படிக்க வேண்டும். பதின்மூன்று நிமிஷம். கூடவே விதிகள் பதினெட்டு.

பஞ்சாட்சரம் விளம்பரம் கொடுத்தார். அறுபத்தோரு கதைகள் வந்தன. அவற்றில் நாற்பது ராஜகுமாரி கதை. இன்னும் இருபதில் பி.ஏ. படித்த கதாநாயகன் ஒருவன் லண்டன் போய்த் திரும்பி, காதலில் தோற்று, க்ஷயரோகத்தில் இருமினான். வாணியம்பாடி வக்கீல் ஒருவர், கதாநாயகனை லண்டனிலிருந்து திரும்பும் வழியில் ஆம்பூர் ஸ்டேஷனில் இறக்கிக் காப்பி குடிக்க வைத்து, 'தோல் தொழில் பற்றிய கதை' என்று மேலே எழுதி அனுப்பியிருந்தார்.

அறுபத்தோராவது கதை, பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. அனுப்பியவர் ஆம்பூர் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் அமிர்தவள்ளி. பஞ்சாட்சரம் அதை எடுத்தபோது மணி பன்னிரண்டு. வைத்தபோது பியூன் வேலு, சாப்பாட்டுத் தூக்கு ஆறிப்போய்விட்டது என்று மூன்றாவது தடவை சொல்லிக்கொண்டிருந்தான்.

கதையில் ஒரு பொம்பிளை. பேர் பூவம்மாள். மாதனூர்ப் பக்கம். பத்தொன்பது வருஷமாகத் தோல் ஷாப்பில், சுண்ணாம்பில் ஊறின ஆட்டுத் தோலில் மயிர் சுரண்டுகிறாள். புருஷன் இல்லை. சர்க்காரில் ஏழைகளுக்கு மூணு சென்ட் வீட்டு மனை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனு போடுகிறாள். மனு மஞ்சூராகி ஒரு மனை ஒதுக்குகிறார்கள். பட்டா வாங்கப் போகிறாள். இடது கைக் கட்டைவிரலில் மை தடவி உருட்டுகிறார்கள். காகிதத்தில் ஒரு கறுப்பு வட்டம்தான் விழுகிறது. பத்தொன்பது வருஷத்துச் சுண்ணாம்பு விரலில் இருந்த ரேகையை எல்லாம் தின்றுவிட்டது. ரேகை இல்லாத ஆளுக்குப் பட்டா கொடுக்க விதி இல்லை. "போய் ரேகை முளைச்சதும் வா" என்கிறார் ஆபீசர். சுண்ணாம்பைத் தொடாமல் மூணு மாசம் இருந்தால் ரேகை திரும்பி வரும் என்று யாரோ சொல்கிறார்கள். பூவம்மாள் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காருகிறாள். தினமும் காலையில் வெயிலில் விரலைப் பிடித்துப் பார்க்கிறாள். நாற்பதாம் நாள், எறும்பு போன தடம் மாதிரி இரண்டு கோடு தெரிகிறது. அன்றைக்குப் பானையில் அரிசி தீர்ந்துபோகிறது. மறுநாள் திரும்பவும் சுண்ணாம்புக் குழிக்குப் போகிறாள். கதை அவ்வளவுதான்.

பஞ்சாட்சரம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார். மூடினார். பிறகு தம்முடைய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

விதி ஐந்தின்படி கதையின் உண்மையை நேரில் விசாரிக்க வேண்டும். அவர் ரயிலேறி ஆம்பூர் போனார். அமிர்தவள்ளி டீச்சர் பள்ளிக்கூடம் விட்டதும் அவரைத் தோல் ஷாப்பு வாசலுக்கு அழைத்துப் போனாள். முப்பது வயதிருக்கும். குடையைக் கைத்தடி மாதிரி ஊன்றி வேகமாக நடந்தாள்.

"கதையில பேரையாவது மாத்தியிருக்கலாமே, டீச்சர்?"

"மாத்தலாம்னு சொன்னேன், சார். அது ஒத்துக்கல. ஆபீசுலதான் நான் ஆளே இல்லைன்னுட்டாங்க, கதையிலயாவது இருக்கேன்னு சொல்லிச்சு."

பூவம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். விரலைக் காட்டச் சொன்னார் பஞ்சாட்சரம். வழவழவென்று, ஆற்றங்கரைக் கூழாங்கல் மாதிரி இருந்தது.

"ஏன் சாமி, இதை ரேடியோவில சொன்னா அந்த ஆபீசர் காதுல விழுமா?"

"விழும்மா. நிச்சயம் விழும். அவர் வீட்டிலயே பெட்டி இருக்கு."

"அப்ப சரி. கஷ்டமா இருந்தாலும் சொல்லட்டும். நேர்ல சொன்னா காது கேக்கல அவருக்கு."

பஞ்சாட்சரம் திரும்பும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அவர் நின்றுகொண்டே வந்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, ஏதோ ஒரு காரியம் செய்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. அந்த நினைப்பு பழக்கமில்லாததால் கொஞ்சம் படபடப்பாகவும் இருந்தது.

விதி ஆறின்படி கதை ஆலோசனைக் கமிட்டி கூடியது. ராவ்சாகிப் தலைமை. அங்கத்தினர் இருவர். ஒருவர் ஆம்பூர்த் தோல் வியாபாரி வாஹித் பாஷா சாயபு. இன்னொருவர் ஹைஸ்கூல் தமிழ்ப் பண்டிதர் முனிரத்தினம். வடசொல்லை ஒழிக்கும் இயக்கம் அப்போது ஊரெங்கும் பரவியிருந்தது. பண்டிதரும் ரத்தினத்தை எடுத்துவிட்டு 'முனிமணி' என்று பேர் வைத்துக்கொண்டார். பிறகு 'முனி'யும் வடசொல் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பாக்கி இருந்த மணியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த சமயம் அது.

சாயபு முதலில் பேசினார்.

"கதை ரொம்ப நல்லா இருக்கு, சார். ஆனா நாத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. மூணு இடத்துல வருது."

"ரேடியோவில நாத்தம் வராதுங்களே," என்றார் பஞ்சாட்சரம்.

"வராது. அதான் நானும் சொல்றேன். வராததை வருதுன்னு சொன்னா கேக்கறவனுக்குப் பேஜார். நம்ம பெட்டியில இன்னாவோ கோளாறுன்னு தொறந்து பாப்பான்."

நாற்றம் ஏகமனதாக எடுக்கப்பட்டது.

பண்டிதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ரேகை என்பது வடசொல். 'வரி' என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. அதைப் போட வேண்டும்."

ராவ்சாகிப் போட்டுப் படித்துப் பார்த்தார். "'பூவம்மாளுக்கு வரி இல்லை என்று அதிகாரி சொன்னார்.' என்ன பண்டிதரே இது? நாளைக்கே ஜில்லாவில ஒருத்தன் வரி கட்டமாட்டான். கேட்டா ரேடியோவில சொன்னாங்கன்னு சொல்லுவான்."

"அப்படியானால் 'கீற்று' என்று போடலாம்."

"விரல்ல எப்படி சார் தென்னங்கீத்து இருக்கும்?" என்று சாயபு நிஜமாகவே கேட்டார்.

ஒரு மணி நேர விவாதத்துக்குப் பின், ரேகை ரேகையாகவே இருக்கலாம் என்றும், பண்டிதரின் மன வருத்தத்தைக் குறிப்பில் ஏற்றுவது என்றும் தீர்மானமாயிற்று.

கடைசியாக ராவ்சாகிப் தொண்டையைக் கனைத்தார். "இதில வர்ற ஆபீஸ் எது?"

"பேர் போடலைங்க," என்றார் பஞ்சாட்சரம்.

"அதுதான் தப்பு. பேர் போடாட்டா ஜில்லாவில இருக்கிற எல்லா ஆபீசும் தன்னைத்தான் சொல்றாங்கன்னு கோபிச்சுக்கும்."

"பேரைப் போட்டுடலாங்களா?"

"போட்டா அந்த ஆபீஸ் கோபிச்சுக்குமே. மனை ஆபீசர் என்னோட டென்னிஸ் ஆடறவர்." ராவ்சாகிப் சிறிது யோசித்தார். "ஒண்ணு செய்யலாம். கடைசியில அந்த ஆபீசர் மனசு இரங்கிப் பட்டாவைக் குடுத்துடறார். கிராமத்தான் நாள் பூரா உழைச்சுட்டு வந்து கேக்கறான். அவன் சந்தோஷமா எழுந்து போக வேண்டாமா? இந்த ஆபீஸ் திறந்ததே அதுக்குத்தானே."

சாயபுவுக்கும் அது பிடித்திருந்தது. அந்தப் பொம்பிளைக்குப் பட்டா கிடைக்காதது அவருக்கும் மனசை உறுத்திக்கொண்டிருந்ததாம். இப்போது நிம்மதியாக இருக்கிறது என்றார்.

பஞ்சாட்சரம் மறுபடி ஆம்பூர் போனார். அமிர்தவள்ளி டீச்சர் திருத்தின தாளைப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"இது நடக்கலையே, சார். நடக்காததைப் படிக்க என்னால ஆகாது."

"இது இல்லேன்னா கதையே போகாது, டீச்சர். போனாலாவது நாலு பேர் காதுல விழும். அந்த ஆபீசரும் கேப்பார். நாமும் இப்படிச் செஞ்சா என்னன்னு அவருக்கே தோணலாம்." அவர் தயங்கினார். "என் வேலையும் இதுலதான் இருக்கு. பொய் சொல்ல விரும்பல உங்ககிட்ட."

"என்னைக் கேக்காதீங்க. பூவம்மாகிட்டயே கேளுங்க. அதோட கதை."

பூவம்மாள் புது முடிவைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "குடுத்துட்டதாவே சொல்லட்டும் டீச்சரம்மா. கேக்கவாவது நல்லா இருக்குமில்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாசல்ல ஒரு முருங்கை மரம் வெச்சேன்னு சேத்துக்கோயேன்," என்றாள்.

முருங்கை மரம் சேர்க்கப்பட்டது. கமிட்டி அதற்கு ஆட்சேபணை சொல்லவில்லை.

பாக்கி இருந்தது விதி ஏழு. உண்மைக் கதைகள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உண்மையே என்று, நேரில் விசாரித்த உத்தியோகஸ்தர் சான்று அளிக்க வேண்டும்.

"பட்டா இன்னும் கிடைக்கலைங்களே," என்றார் பஞ்சாட்சரம்.

"உண்மைன்னுதானே விதியில இருக்கு? எந்தத் தேதியில உண்மைன்னு இருக்கா?" என்றார் ராவ்சாகிப். "நீர் கையெழுத்தைப் போடும். இது போனதும் உம்ம பர்மனென்ட் விஷயமா மேலிடத்துக்கு எழுதலாம்னு பேனாவைக்கூட எடுத்து வெச்சுட்டேன்."

பேனா மேஜைமேல் இருந்தது. பஞ்சாட்சரம் அதை எடுத்துத்தான் கையெழுத்துப் போட்டார். 'முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உண்மை என இதனால் சான்றளிக்கப்படுகிறது.' ஐந்து பிரதிகள் எடுத்துச் சம்பந்தப்பட்ட ஆபீசுகளுக்குத் தகவலின் பொருட்டு அனுப்பப்பட்டன. மனை ஆபீசுக்கும் ஒன்று போயிற்று.

ஒலிபரப்பு அன்று சாயந்திரம் சாயபு தம் ரேடியோப் பெட்டியை மண்டி வாசலில் கொண்டுவந்து வைத்தார். ஆம்பூர்க் கடைத்தெருவே திரண்டு வந்தது. வேலூரிலிருந்து ராவ்சாகிப் மாலையோடு வந்தார். யாருக்குப் போடுவது என்று தெரியாமல் பெட்டிக்குப் போட்டார். ஒடுகத்தூரிலிருந்து கடலைக்காய் மூட்டை ஏற்றி வந்தவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

பட்டணத்திலிருந்து அமிர்தவள்ளி டீச்சரின் குரல் வந்தது. முதலில் சிலர் பெட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்கள். பிறகு சத்தம் அடங்கிவிட்டது. ஆபீசர், "ரேகை முளைச்சதும் வா" என்று சொன்ன இடத்தில் யாரோ ஒருவர் அவரைத் திட்டினார். பானையில் அரிசி தீர்ந்தபோது பொம்பிளைகள் மூக்கைச் சிந்தினார்கள். கூட்டத்தின் நடுவில் பூவம்மாள் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஆபீசர் மனம் இரங்கிப் பட்டாவைக் கையில் கொடுத்ததும் கூட்டம் கைதட்டியது. பக்கத்திலிருந்தவர்கள் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பூவம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முருங்கை மரம் வந்தபோது சிரித்தாள்.

டீச்சர் குரல் மட்டும் அந்தக் கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் கம்மியிருந்தது. உணர்ச்சியோடு படித்தார் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

பூவம்மாளோடு வேலை செய்கிற பொம்பிளைகளுக்கு மனசு கேட்கவில்லை. "கதையில கிடைச்சது நேர்ல கிடைக்காதா? நீ உக்காரு, நாங்க பாத்துக்கறோம்," என்றார்கள். ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டு கஞ்சி ஊற்றினார்கள். முனியம்மா என்பவள் தன் முறை வந்த நாளில், வீட்டில் அரிசி இல்லாதபோதும் கடன் வாங்கி ஊற்றினாள். மூன்று மாசம் பூவம்மாள் சுண்ணாம்புப் பக்கம் போகவில்லை. முதலில் எறும்புத் தடம் வந்தது. பிறகு அது வளைந்து, சுழித்து, கட்டைவிரல் முழுதும் பரவியது. டீச்சர் பள்ளிக்கூடத்து மையைத் தடவி ஒற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு கோடும் தனித்தனியாக விழுந்தது.

பஞ்சாட்சரத்துக்குக் கார்டு போட்டார்கள். பர்மனென்ட் உத்தரவு வந்து அவருக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது. மூத்த பெண்ணுக்குத் தை மாசத்தில் முகூர்த்தம் வைத்திருந்தார்கள். அவர் லீவு போட்டுவிட்டு, பூவம்மாளை மனை ஆபீசுக்குத் தாமே அழைத்துப் போனார்.

மனை ஆபீசர் எழுந்து நின்று வரவேற்றார்.

"இவங்கதானா அந்தப் பூவம்மாள்? அன்னிக்கு என் சம்சாரம் அழுதுட்டாங்க. நானும்தான். அந்த ஆபீசர் கடைசியில மனசு மாறினார் பாருங்க, அங்கே என்னால தாங்கவே முடியல."

"அந்தப் பட்டா விஷயமாத்தான் சார் வந்தோம்," என்றார் பஞ்சாட்சரம். "ரேகை வந்துடுச்சு."

"ரேகையா? ரொம்ப நல்லதாச்சு. அது ஒண்ணுதான் ஃபைல்ல பாக்கி." ஆபீசர் ஃபைலைப் பிரித்தார். மேலே பஞ்சாட்சரத்தின் சான்று இருந்தது. "பட்டா கொடுத்தாச்சுன்னு உங்க ஆபீஸ் எழுதியிருக்கு. அதைப் பார்த்து மேலிடத்திலேருந்து எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. இவங்க மனு முடிஞ்சுபோச்சுன்னு, இவங்களுக்கு ஒதுக்கி வெச்சிருந்த மனையையும் கணியம்பாடி ஆளுக்கு மாத்தியாச்சு. வாங்கிக்கிட்டதுக்கு இவங்க ரசீதுதான் இல்லை."

பஞ்சாட்சரம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார், அது கதை. கடைசியில வர்றது நடக்கல."

"நடக்கலையா? சான்றில இருக்கிறது யார் கையெழுத்து?"

"என்னுதுதான்."

"அப்போ எழுதினது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா? எதுன்னு எழுதிக் குடுங்க. எதுவானாலும் நான் மேலிடத்துக்கு அனுப்பிடறேன்." ஆபீசர் காகிதத்தையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினார். கோபமே இல்லை. மரியாதையாகத்தான் தள்ளினார்.

பஞ்சாட்சரம் காகிதத்தைப் பார்த்தார். தை மாசத்து முகூர்த்தம் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் உத்தரவை இரண்டு தடவை படித்துப் பார்த்தது ஞாபகம் வந்தது. அவர் பேனாவை எடுக்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கையைக் காட்டும்மா," என்றார் ஆபீசர்.

பூவம்மாள் மூன்று மாசமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த விரலை நீட்டினாள். மையைத் தடவி ரசீதில் உருட்டினார்கள்.

"ஆஹா, எவ்வளவு தெளிவு," என்றார் ஆபீசர்.

வெளியே வந்து புளியமரத்தடி வரைக்கும் பூவம்மாள் அவர் பின்னாலேயே நடந்தாள். பிறகு நின்றாள்.

"காகிதம் ஒண்ணும் குடுக்கலையே, சாமி."

பஞ்சாட்சரம் குடையை விரித்தார். "பட்டா... முன்னமே குடுத்ததா ஆபீசுல பதிவாயிருக்கும்மா."

"எப்பக் குடுத்தாங்க?"

அவர் குடைக் காம்பைத் திருகினார். அவள் அவரையே பார்த்தாள். "இன்னா சாமி, கதையில குடுத்ததுதான் குடுத்ததா?"

"ஆமா," என்றார் பஞ்சாட்சரம். அந்தச் சம்பவம் முழுவதிலும் அவர் சொல்லிவிட்டுப் பின்வாங்காத ஒரே உண்மை அதுதான்.

அமிர்தவள்ளி டீச்சர் நடந்தது எல்லாவற்றையும் இன்னொரு கதையாக எழுதி எடுத்துக்கொண்டு நேரே வேலூர் ஆபீசுக்கு வந்தாள். பஞ்சாட்சரம் அதை முழுவதும் படித்தார். முதல் கதையை விட இது நன்றாக இருந்தது. ஒரு வார்த்தை தப்பு இல்லை.

"சான்று குடுங்க, சார்," என்றாள் டீச்சர்.

அவர் ஒரு தாளை எடுத்து, 'காரியாலயப் பதிவுகளுக்கு முரணாக இருப்பதால் உண்மைக் கதை எனச் சான்றளிக்க இயலவில்லை' என்று எழுதி நீட்டினார்.

"கற்பனைக் கதைன்னாவது போட்டு அனுப்புங்களேன்."

"கற்பனைக்கு வேற கமிட்டி, டீச்சர்," என்றார் பஞ்சாட்சரம், தலையை நிமிர்த்தாமல்.

ஆம்பூரில் கொஞ்ச நாள் பேச்சு வேறு மாதிரி இருந்தது. பட்டா வாங்கிவிட்டு இல்லை என்று சாதிக்கிறாளே என்று சிலர் சொன்னார்கள். டீச்சர் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். ஆனால் ரேடியோவிலேயே சொன்ன விஷயம் ஆயிற்றே. கஞ்சி ஊற்றின பொம்பிளைகள்கூட, "ஊட்டுக்குப் பால் காய்ச்சறப்ப எங்களை மறந்துடாதே," என்று ஒரு மாதிரியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். முனியம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சி ஊற்றுவதை நிறுத்திவிட்டாள்.

பூவம்மாள் சுண்ணாம்புக் குழிக்குத் திரும்பினாள். ஒரு மாசத்தில் விரல் பழையபடி வழவழவென்று ஆகிவிட்டது. சர்க்காருக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. அவளுடைய ரேகையின் நல்ல தெளிவான பிரதி ஒன்று, பட்டா பெற்றுக்கொண்டேன் என்ற வாசகத்துக்குக் கீழே, மனை ஆபீஸ் ஃபைலில் பத்திரமாக இருக்கிறது.